கும்பலக்காவும் இருளணியும்

முதலில் இருளணி யார் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் கும்பலக்காவைப் பற்றி நான் எது சொன்னாலும் தலையும் புரியாது, வாலும் புரியாது.

வேற்றுமொழியில் எடுத்த ஒரு டிவி தொடர். ஏதோ ஒரு கோள். மேல்தளத்தில் காற்றையும் வெளிச்சத்தையும் தங்களுடைய சொத்தாக வைத்திருக்கும் ஆட்சியாளர்கள். அடியில், கைவிடப்பட்ட தண்ணீர்க் குழாய்களுக்குள் ஒளிந்து வாழும் கலகக்காரர்கள். மேலே தாக்க வரும்போதெல்லாம் முதலில் நகரத்து விளக்குகளை அணைத்துவிட்டுத்தான் வருவார்கள். மூலத்தில் அவர்களுடைய பெயருக்கு விளக்கை அணைக்கிறவர்கள் என்று பொருள். தமிழில் வசனம் எழுதுகிறவன் நான். ‘விளக்கணைப்போர்’ என்று எழுதிக் கொடுத்தேன். சேனல்காரர் படித்துப் பார்த்துவிட்டு, மின்வாரிய ஊழியர் சங்கம் மாதிரி இருக்கிறதே என்றார். அவரோடு மல்லுக்கட்டி, கடைசியில் ‘இருளணி’ என்று முடிவானது. எனக்கு இன்றைக்கும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஆனால் உதட்டசைவு பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் இருளணிக்காரர்கள் எல்லோரும் மூச்சுக்கருவி வைத்த முகமூடி போட்டவர்கள்.

அந்த முகமூடிதான் பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம்.

தொடரில் நாயகனுக்கும் நாயகிக்கும் தனித்தனிக் குரல் கலைஞர்கள் இருப்பார்கள். பெயரில்லாமல் பின்னால் ஓடுகிறவர்கள், சுவர் இடிந்தால் அலறுகிறவர்கள், தலைவர் பேசினால் ஆமாம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் இரண்டு மூன்று பேர் போதும். மைக்கை ஒட்டி நின்று ஒரு தடவை, சுவர்ப்பக்கம் திரும்பி ஒரு தடவை, வாயைப் பொத்திக்கொண்டு ஒரு தடவை என்று பேசுவார்கள். ஒலிப்பதிவு பார்க்கிற சவுண்டுத் தம்பி அதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு கூட்டம் தயார். எங்கள் பேச்சில் இதற்குக் கும்பல் வாய்ஸ் என்று பெயர். நான் சொல்லவந்த அந்தம்மா கல்யாணமான புதிதிலிருந்து இந்த வேலைதான் பார்த்தார். அதனால் எல்லோருக்கும் கும்பலக்கா. அவரைவிட வயதில் மூத்த தயாரிப்பாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அக்காவின் வீட்டுக்காரருக்கும் இதே வேலை. ஆனால் அவர் கைதேர்ந்தது சாவதில். உயரத்திலிருந்து விழுந்து சாவது வேறு, குண்டடிபட்டுச் சாவது வேறு, காற்றுத் தீர்ந்து சாவது வேறு. மூன்றையும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எது எதுவென்று சொல்லிவிடலாம். முகமூடிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்க, ஒரு பிளாஸ்டிக் மக்கை வாயின்மேல் கவிழ்த்துக்கொண்டு கத்துவார். அந்த மக் ஸ்டுடியோ குளியலறையிலிருந்து வருகிறது என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். செத்து முடித்ததும் மக்கைக் கீழே இறக்கி, போதுமா, இன்னும் கொஞ்சம் சாகட்டுமா என்று கேட்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சாவண்ணன். அவர் அதைக் கேட்டுச் சிரிப்பார். அக்காவுக்கு மட்டும் அது ஆகவே ஆகாது. வாயில் நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கெல்லாம் என்று எங்களைத் திட்டுவார்.

கும்பல் வாய்ஸுக்கு வசனம் கிடையாது. தாளில் நான் ‘கூச்சல்’ என்றோ ‘சலசலப்பு’ என்றோ எழுதி வைப்பேன், அவ்வளவுதான். சொற்கள் காதில் விழப்போவதில்லை என்பதால் அவரவர் வாய்க்கு வந்ததைப் பேசலாம். இந்த இரண்டு பேரும் அந்தச் சலசலப்பில் குடித்தனமே நடத்தினார்கள். இருளணி ஆயுதக் கிடங்கைப் பிடிக்கப் போகும் காட்சியில் காய்கறி வாங்கியாயிற்றா, மகளுக்குச் செருப்பு பிய்ந்துவிட்டது, வீட்டு ஓனர் தண்ணீர்த்தொட்டியை எப்போது கழுவப்போகிறார் என்று பேசிக்கொள்வார்கள். ஒருமுறை சேனலில் சரிபார்க்கும் பெண்மணி, அந்தக் கோளில் கேஸ் சிலிண்டர் உண்டா என்று விசாரித்து எழுதியிருந்தார். நான் உண்டு என்று பதில் போட்டேன்.

பிறகு அண்ணனுக்குத் தொண்டையில் வந்தது. முதலில் கரகரப்பு என்றார்கள், பிறகு வேறு சொன்னார்கள். குழாய் வைத்தார்கள். அதன்பின் அவருக்குக் குரலே இல்லை. நான் பார்க்கப் போனபோது, சைகையில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. அக்கா பக்கத்திலிருந்து, நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்கறாரு என்றார். நான் சாப்பிட்டேன் என்று தேவையில்லாமல் உரக்கச் சொன்னேன். குரல் போனவரிடம் ஏன் உரக்கப் பேசினேன் என்று வெளியே வந்த பிறகு வெட்கமாக இருந்தது. அவர் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

கொஞ்ச மாதம் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினார். நாங்கள் அவரிடம் பேசப் பயந்து, தேவைக்கு மேல் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தோம். சாவண்ணன் என்ற பெயரை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. நான் என் பங்குக்கு, வசனத்தில் ‘செத்துட்டான்’ என்று வந்த இடத்தையெல்லாம் ‘போயிட்டான்’ என்று மாற்றி வைத்தேன். இப்படியெல்லாம் கரிசனம் காட்டிவிட்டு, முக்கியமான ஒன்றைக் கோட்டைவிட்டோம்.

அண்ணன் செத்த சாவுகளையெல்லாம் தம்பி வகைபிரித்துக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தான். எல்லா ஸ்டுடியோவிலும் செய்வதுதான். முகமூடிக்காரன் உதடு தெரியாது, எந்தக் கத்தலை எவன் வாயில் வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் இருளணியின் குழாய் ஒன்று இடிந்து விழும் காட்சி. உள்ளே மாட்டிக்கொண்டவன் கத்துவான், வெளியே நிற்கும் ஒரு பெண் கதறுவாள். கதறல் அக்காவுடையது. உள்ளே இருக்கிறவனுக்கு இன்னொரு ஆளைக் கூப்பிடுவானேன் என்று தம்பி சேமிப்பிலிருந்து ஒன்றை இழுத்துப் போட்டிருந்தான். அது யாருடைய குரல் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை. அவனுக்கு அது ‘காத்தில்லாதது நாலு’ என்ற ஒரு கோப்பு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். காட்சி ஓடியது. குழாய் இடிந்தது. உள்ளேயிருந்து அண்ணன் கத்தினார்.

அக்கா வாயைத் திறக்கவில்லை. காட்சி முடிந்தும் அப்படியே நின்றார். தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. மைக்கைத் திறந்து அக்கா, அக்கா, தெரியாம, என்று தடுமாறினான். அக்கா அவனைப் பார்க்கவேயில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“திரும்பப் போடு, தம்பி,” என்றார்.

போட்டான். இன்னொரு தடவை என்றார். அதையும் போட்டான். மூன்றாவது தடவை கை காட்டினார், பதிவு செய்துகொள் என்று. அக்கா கதறினார். இவ்வளவு நாள் அவர் எத்தனையோ பேருக்காகக் கதறிக் கேட்டிருக்கிறேன், எல்லாம் நல்ல வேலை. இது வேலை இல்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டு பொத்தான்களைத் துடைக்க ஆரம்பித்தான்.

டீ குடிக்கும்போது அக்காவே பேசினார். அண்ணன் போனது பட்டப்பகலில், வார்டு நிறைய ஆட்கள் இருக்கும்போது. அக்கா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துவைத்த துண்டை மடித்துக்கொண்டிருந்தாராம். மடித்து முடித்துத் திரும்பியபோது எல்லாம் முடிந்துவிட்டது.

“ஒரு சின்ன சத்தம் வந்திருந்தா திரும்பிப் பாத்திருப்பேன்,” என்றார். “ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் கத்தினாரு. தனக்குன்னு ஒரு தடவ கத்தல. இன்னிக்குத்தான் கேட்டேன்.”

தம்பி அழுதுவிட்டான். அக்கா அவன் முதுகில் தட்டிக்கொடுத்து, இனிமேல் இருளணியில் யார் செத்தாலும் அவரையே போடு, வேறு யாரையும் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டு, டம்ளரைக் கழுவப் போனார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முடியாது என்று சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் வாராவாரம் அண்ணன் செத்தார். விழுந்து செத்தார், சுடப்பட்டுச் செத்தார், காற்றில்லாமல் செத்தார். அந்தத் தொடரை எழுதியவர்களுக்கு இருளணிக்காரர்களைக் கொல்வதில் அப்படி ஓர் ஆசை. அக்கா குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிடுவார். தலையை அழுந்த வாரி, முகம் கழுவி, யாரையோ பார்க்கப் போகிறவர்போல இருப்பார். அந்த அறைக்குள் போவதற்கு எனக்கு உள்ளூரப் பயம் வந்துவிட்டது. பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாதவன் நான். ஆனால் இருந்தபோதே அவருக்குக் குரல் போய்விட்டது, அவர் போன பிறகு குரல் மட்டும் இருக்கிறது என்றால், இதில் எதை நம்புவது என்று குழப்பமாக இருந்தது.

ஒருநாள் சலசலப்பு கொஞ்சம் தெளிவாகக் கேட்கிறது என்று சேனலில் குறை சொன்னார்கள். எந்தச் சொல் என்று கண்டுபிடிக்க, அக்கா பேசியதை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டேன். இருளணி குழாய்க்குள் கூடிப் பேசும் காட்சி அது. அக்கா அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியை அலமாரியிலேயே வைத்திருக்கிறேன், யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். மகள் பல் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், வரவேற்பில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றார். பிறகு பேச்சு நின்றது. ஓர் ஆள் பதில் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்தார். பிறகு, “ம்,” என்றார். பிறகு, “அதான் நானும் சொன்னேன்,” என்றார்.

நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். வெயில் கொளுத்தியது. அந்த வெயில் எனக்கு அப்போது வேண்டியிருந்தது. சேனலுக்கு, குறிப்பிட்ட சொல் எதுவும் இல்லை, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறோம் என்று எழுதினேன்.

அந்த மகள் எனக்கு ஒருநாள் போன் செய்தாள். சின்ன வயதில் ஸ்டுடியோவுக்கு வந்து என் நாற்காலியில் சுற்றி விளையாடியவள். இப்போது என்னை சார் என்றாள், அதிலேயே கோபம் தெரிந்தது. தொடர் வருகிற நேரத்தில் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டி வைக்கிறாராம். மகள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு பக்கத்து அறையில் படுத்துக்கொள்கிறாளாம். அப்படியும் கேட்கிறதாம்.

“எங்கப்பாவ இன்னும் எத்தன தடவ சாகடிப்பீங்க, சார்?” என்றாள்.

என் வேலையே வாயில்லாதவனுக்கு வார்த்தை கொடுப்பது. அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அம்மாவிடம் பேசுகிறேன் என்று சமாளித்து வைத்தேன். சுற்றி வளைத்து அக்காவிடம் சொன்னபோது அவருடைய முகம் சுருங்கிப்போயிற்று. அவளுக்கு அப்பா போட்டோவில் இருக்கிறார், எனக்குப் போட்டோ பற்றவில்லை என்றார்.

இப்படி இருக்கும்போது கடைசிப் பகுதி வந்து சேர்ந்தது.

நான் வசனம் எழுத உட்கார்ந்து அதை முழுதாகப் பார்த்தேன். ஒருவர்கூடச் சாகவில்லை. ஆட்சி கவிழ்ந்துவிடுகிறது. குழாய் மூடிகள் திறக்கின்றன. இருளணிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் மேலே ஏறிவந்து, முதல் முறையாக முகமூடியைக் கழற்றி, கூசும் கண்களோடு வெளிச்சத்தில் நின்று கூச்சலிடுகிறார்கள். நல்ல முடிவு. பார்த்ததும் எனக்குக் கும்பலக்கா ஞாபகம்தான் வந்தது. இதோடு தொடர் முடிகிறது. ஒப்பந்தப்படி எல்லாக் கோப்புகளும் சேனலுக்குப் போய்விடும், ஸ்டுடியோவில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

தம்பி நல்லவன். யாருக்கும் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரு சின்ன டிரைவில் போட்டுத் தருகிறேன் என்று அக்காவிடம் சொன்னான். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். வீட்டில் தனியாக இதைப் போட்டுக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீஸைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவர் கேட்டது வேறு.

“எல்லாரும் மேல வந்துடறாங்கல்ல? இவர மட்டும் அந்தக் குழாய்க்குள்ளயே விட்டுட்டு வர முடியாது, தம்பி. வெளிய வர்ற கும்பல்ல இவரையும் சேத்துடு. அது போதும் எனக்கு.”

கேட்பதற்குச் சின்ன விஷயம். செய்யப் போனால்தான் தெரிந்தது. சேமிப்பு முழுக்கத் தேடினான் தம்பி. அண்ணனுடைய குரலில் ஒரு சந்தோஷக் கூச்சல் இல்லை. ஒரு சிரிப்பு இல்லை. எங்கள் ஸ்டுடியோவில் அவரைத் தனியாகக் குரல் கொடுக்க யாரும் சாவதற்குத் தவிர வேறு எதற்கும் கூப்பிடவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து பேசியதெல்லாம் மற்றவர்கள் குரலோடு கலந்துபோய்விட்டது, பிரிக்க முடியாது. செத்து முடித்த பிறகு அவர் கேட்கும் ‘போதுமா’ எங்காவது ஒட்டிக்கொண்டிருக்குமா என்று நான் கேட்டேன். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். வேலையில் சுத்தக்காரன் அவன். ஒவ்வொரு கத்தலுக்கும் முன்னும் பின்னும் ஒட்ட நறுக்கி வைத்திருந்தான்.

கடைசியில், விழுந்து சாகிற கத்தலில் ஒன்றை எடுத்து, அந்த ஆர்ப்பரிப்புக்கு நடுவில் வைத்தான். ஆயிரம் பேர் கத்துகிற இடத்தில் எவன் எதற்குக் கத்துகிறான் என்று யாருக்குத் தெரியப் போகிறது என்றான். நியாயமாகத்தான் பட்டது. சேனல் பெண்மணிக்கு மாதிரியை அனுப்பினோம். அருமை, உயிரோட்டமாக இருக்கிறது என்று பதில் வந்தது.

பதிவுக்கு அக்கா வந்தார். முதலில் ஹெட்போனில் கேட்டார். நானும் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். மூடிகள் திறந்தன, வெளிச்சம் வந்தது, கூட்டம் ஆர்ப்பரித்தது. நடுவில் அண்ணன் உயரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தார். தெரியாதவர்களுக்குத் தெரியாது. தெரிந்துவிட்டால் பிறகு அது ஒன்றுதான் கேட்கும். ஊரே ஜெயித்துவிட்டது, ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை, அவன் இன்னும் பயந்து கத்திக்கொண்டே இருக்கிறான். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அக்கா ஆரம்பிக்கலாம் என்றார். மைக்கை ஒட்டி நின்று சந்தோஷமாகக் கூச்சலிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிக் கூச்சலிட்டார். வாயைப் பொத்திக்கொண்டும் செய்தார். தம்பி அடுக்கிக்கொண்டே வந்தான். கடைசி அடுக்குக்கு அக்கா வழக்கமான இடத்தில் நிற்காமல் மைக்குக்கு மிகவும் கிட்டே வந்தார். காட்சி ஓடியது. எல்லோரும் கூச்சலிடும் இடம் வந்தும் அவர் சும்மா இருந்தார். அண்ணனின் கத்தல் எழும்பிய இடத்தில், பக்கத்தில் படுத்திருப்பவர் தூக்கத்தில் உளறினால் தட்டிக் கொடுப்போமே, அந்தக் குரலில் பேசினார்.

“முடிஞ்சுபோச்சுங்க. எல்லாரும் வந்தாச்சு. இனிமே கத்தாதீங்க.”

காட்சி முடியும்வரை அப்படியே நின்றார். பிறகு ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்.

“இப்ப அவர எடுத்துடு, தம்பி,” என்றார்.

தம்பிக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. நீங்கள் கடைசியாகப் பேசியதையா என்று கேட்டான். அது இருக்கட்டும், அவருடைய சத்தத்தை எடு என்றார். தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். திரையில் அண்ணனின் கத்தல் ஒரு நீளமான பச்சைப் பட்டையாகத் தெரிந்தது. தம்பி அதைத் தொட்டான், அழித்தான். அந்த இடம் காலியானது. சேமிப்பில் இருப்பதையும் எடுத்துவிடட்டுமா என்று மெல்லக் கேட்டான். அக்கா ஆமாம் என்று சொல்லிவிட்டு, எல்லாம் அழியும்வரை அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட வேண்டும், இன்றைக்குச் சீக்கிரம் வருகிறேன் என்று சொல்ல வேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அக்கா இப்போதும் வேலைக்கு வருகிறார். ஒரு குழந்தைகள் தொடரில் வாத்துக் கூட்டம் முழுவதும் அவர்தான். நன்றாகக் கத்துகிறார், எங்களைத் திட்டுகிறார். அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தால் பேசுகிறார். அன்றைக்கு அந்த அறையில் நடந்ததைப் பற்றி மட்டும் அவரும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

என்னைத்தான் அது விடவில்லை. அந்தக் கடைசிப் பகுதியை சேனலில் அடிக்கடி மறுபடி போடுகிறார்கள். என் மனைவி விரும்பிப் பார்ப்பாள். குழாய் மூடிகள் திறக்கும்போது எங்கே இருந்தாலும் நான் வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அதற்குள் எங்கேயோ ஒரு பெண், இனிமே கத்தாதீங்க என்று யாரிடமோ சொல்கிறாள். என் மனைவிக்கு அது கேட்பதில்லை. அந்தக் காலி இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக்கொண்டு, கைகளை இறுக்கிக்கொண்டு காத்திருக்கிறேன். அண்ணன் கத்துவதில்லை. அக்கா சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.